ஒரு பக்கம் மட்டும் நிறம்

1814ஆம் ஆண்டு. நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட வீரர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்படித் திரும்பியவர்களில் ஒருவர், முப்பத்திரண்டு வயதுக்காரர், பெர்லின் பல்கலைக்கழகத்தின் கனிமக் காட்சிசாலையில் உதவியாளராகச் சேர்ந்தார். அலமாரி அலமாரியாகக் கிடந்த கற்களைத் தரம் பிரித்து அடுக்குவதுதான் வேலை. மேலே இருந்த பேராசிரியர் கிறிஸ்டியான் சாமுவேல் வைஸ், படிகங்களை அவற்றின் அச்சுகளை வைத்து இனம் பிரிக்கலாம் என்று காட்டியவர். ஒரு படிகத்தை அதன் அச்சைப் பிடித்து மெதுவாகத் திருப்பினால், முழுச் சுற்று முடிவதற்குள்ளேயே அது பழைய தோற்றத்துக்குத் திரும்பிவிடும். சில கற்கள் ஒரு சுற்றில் இரண்டு முறை திரும்பும், சில மூன்று முறை, சில நான்கு, சில ஆறு. அந்த உதவியாளர் அமைதியான அறையில் இந்தக் கற்களோடு பொழுதைக் கழித்தார். அவர் பெயர் ஃபிரெடரிக் ஃப்ரோபெல். அதுவரை அவர் கை வைத்த எதுவும் துலங்கியதில்லை.

பிறந்த ஒன்பதாம் மாதத்தில் தாயை இழந்தவர். அப்பா பாதிரியார்; மகனைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. காட்டதிகாரி ஒருவரிடம் தொழில் பழக அனுப்பினார்கள், நிலைக்கவில்லை. யேனா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். கடனை அடைக்க முடியாமல் ஒன்பது வாரம் பல்கலைக்கழகச் சிறையில் கிடந்தார். 1805இல் கட்டடக்கலை படிப்பதற்காக ஃப்ராங்க்ஃபர்ட் போனவரை ஒரு பள்ளித் தலைமையாசிரியர் வகுப்பறைக்குள் இழுத்துப் போட்டார். அங்கிருந்து சுவிட்சர்லாந்துக்குப் போய், பெஸ்டலோட்சி என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் இரண்டு ஆண்டு இருந்தார். அதுவும் போதவில்லை என்று கல் படிக்க வந்துவிட்டார். இப்போதுதான் வாழ்க்கை ஒரு வழிக்கு வந்தது. 1816இல் ஸ்டாக்ஹோமில் கனிமவியல் பேராசிரியர் பதவியே தேடி வந்தது. அதை ஏற்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

ஆனால் போர்க்காலத்து விஷக்காய்ச்சல் அவருடைய அண்ணனை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. அண்ணி தனியாக இருந்தாள். மூன்று பையன்கள். அவர்களுக்குப் படிப்புச் சொல்லித்தர யாருமில்லை. ஃப்ரோபெல் ஸ்டாக்ஹோமை உதறினார், பெர்லினையும் உதறினார், அண்ணன் பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். கற்களைத்தான் விட்டார். கல்லைத் திருப்பிப் பார்த்த கண் அவரோடு கூடவே போனது.

பள்ளி வளர்ந்தது, பிறகு தேய்ந்தது. பிரஷ்ய அரசுக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. மாணவர்கள் விலகினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1837இல், பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். இந்த முறை பெரிய பிள்ளைகள் வேண்டாம், பள்ளிக்கே போகாத சின்னஞ்சிறுசுகள் போதும் என்று முடிவு செய்தார். அவர்களுக்காக மரப்பெட்டிகள் செய்தார். ஒன்றில் நூல் பந்து, ஒன்றில் கோளமும் கனசதுரமும் உருளையும், ஒன்றில் எட்டாகப் பிரியும் கனசதுரம். இவற்றுக்குக் கொடைகள் என்று பெயரிட்டார்.

அந்த எட்டுக் கட்டைகளை வைத்து ஆடும் ஆட்டம் ஒன்றுக்கு அவர் வைத்த விதி வேடிக்கையானது. கட்டிய கோலத்தைக் கலைக்கக் கூடாது. நடுவைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டைகள் நிற்கும். ஒரு பக்கத்துக் கட்டையை நகர்த்தினால், மற்ற மூன்று பக்கத்திலும் அதே நகர்வைச் செய்தாக வேண்டும். பழைய கோலத்திலிருந்தே புதியது பிறக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை கட்டையைத் தள்ளியது, திருப்பியது, எதிர்ப்பக்கத்தில் அதையே செய்து பார்த்தது. வைஸின் அலமாரியில் கற்கள் செய்ததை இப்போது பிஞ்சு விரல்கள் செய்தன. 1840இல் அந்த இடத்துக்குக் கிண்டர்கார்ட்டன், குழந்தைகளின் தோட்டம் என்று பெயர் வந்தது. மரக்கட்டைக்குக் காசு வேண்டும், தச்சர் வேண்டும். அதைவிட மலிவான ஒரு பொருளும் அந்த வகுப்பில் புழங்கியது: சதுரமாக வெட்டிய காகிதம். பிள்ளைகள் அதை மடித்தார்கள், வெட்டினார்கள், பாய் முடைவதுபோல் பின்னினார்கள். பெட்டிகளைவிட அந்தக் காகிதம்தான் நெடுந்தூரம் போகப்போகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அடுத்து வந்தது தடை.

1851 ஆகஸ்டில் பிரஷ்யாவின் கல்வி அமைச்சர் ஃபான் ரவ்மர் கிண்டர்கார்ட்டன்களை மூடச் சொல்லி ஆணையிட்டார். நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அமைச்சகத்தை உறுத்திய துண்டுப்பிரசுரத்தை எழுதியவர் ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல். பெயர்க் குழப்பம்! விளக்கம் சொல்லி எழுதிப் பார்த்தார்கள், ஆணை ரத்தாகவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஃப்ரோபெல் இறந்துபோனார். அவருடைய சமாதியில் கனசதுரத்தின் மேல் உருளையும் அதன்மேல் கோளமுமாகக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியே நடுகல்லாக நின்றது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

தடைதான் அதைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம். சொந்த நாட்டில் கதவு மூடியதும் ஃப்ரோபெலிடம் பழகிய பெண்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கும் பாரிசுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். 1860இல் பிரஷ்யா தடையை நீக்கியபோது ஊர் ஊராகக் கிண்டர்கார்ட்டன்கள் நடந்துகொண்டிருந்தன. கம்பெனிகள் கொடைகளுக்கு எண் போட்டுப் பெட்டி பெட்டியாக விற்றன. காகித மடிப்புக்கு எட்டாம் எண். இருநூறு வண்ணச் சதுரங்கள், மடிப்பை அழுத்த ஒரு தகடு, செய்முறைப் படங்கள். காகிதத்தில் ஒரு பக்கம் மட்டும் வண்ணமும் வழவழப்பும்; பின்பக்கம் வெறும் வெள்ளை. இந்த எட்டாம் எண் பெட்டி கப்பலேறிச் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. அதைப் பிரித்துப் பார்க்கப்போகிறவர் குழந்தையும் இல்லை, குழந்தைகளின் ஆசிரியரும் இல்லை. அவர் கதைக்கு முன்னால் இன்னொருவருடைய கதை இருக்கிறது.

1870 ஜூலையில் பாரிசில் இரண்டு இளைஞர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் கிளைன், இருபத்தொரு வயது. மற்றவர் நார்வேயின் சோஃபஸ் லீ. திடீரென்று பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. கிளைன் ஊருக்கு ஓடினார். லீ இத்தாலி வரை நடந்தே போவதென்று கிளம்பினார். வழியில் ஃபோன்தேன்ப்ளோ ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். பையில் ஜெர்மன் கடிதங்கள், புரியாத குறியீடுகள் நிறைந்த தாள்கள். உளவாளி என்று சிறையில் போட்டுவிட்டார்கள். அந்தக் குறியீடுகள் ராணுவ ரகசியம் இல்லை, வடிவக் கணிதம்தான் என்று கணித மேதை டார்பு வந்து சொல்லி மீட்கும்வரை, ஒரு மாதம் லீ உள்ளேயே இருந்தார். அந்தத் தாள்களில் நண்பர்கள் இருவரும் தொட்டுக்கொண்டிருந்த யோசனை, இரண்டு ஆண்டு கழித்து வெளியே வந்தது.

1872இல் எர்லாங்கன் பல்கலைக்கழகம் கிளைனைப் பேராசிரியராக்கியது. அப்போது அவருக்கு இருபத்து மூன்றே வயது. பதவியேற்பையொட்டி ஒரு சிறு அறிக்கையை அச்சடித்துக் கொடுத்தார். யூக்ளிட் காலத்திலிருந்து வடிவியல் என்றால் முக்கோணம், வட்டம், சதுரம் என்று உருவங்களைப் பற்றிய படிப்பு. கிளைன் அதைத் தலைகீழாக்கினார். உருவத்தை விட்டுவிட்டு, அதற்கு நேரும் மாற்றத்தைக் கவனிக்கச் சொன்னார். ஒரு முக்கோணத்தைத் தள்ளி வைத்தாலும், சுழற்றினாலும், புரட்டிப் போட்டாலும் பக்க நீளமும் கோணமும் மாறுவதில்லை. அதையே பெரிதாக்கினால் நீளம் மாறும், கோணம் மாறாது. எந்த மாற்றத்தில் எது மாறாமல் நிற்கிறது என்று கேட்பதுதான் வடிவியல் என்றார். வெவ்வேறு வடிவியல்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியின் கிளைகள் ஆயின. இவ்வளவு பெரிய யோசனை வெளியானதும் கணித உலகம் கொந்தளித்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

பலர் அதைப் படிக்கவே இல்லை. பல்கலைக்கழக மண்டபத்தில் 1872 டிசம்பர் 7 அன்று கிளைன் வாயால் பேசிய உரை வேறு. அது கணிதம் சொல்லித்தருவதைப் பற்றியது. பின்னால் வந்தவர்கள் பலர் இரண்டையும் ஒன்றென்று போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். எனக்கு இந்தக் குழப்பம் பிடித்திருக்கிறது. ஒரே மனிதர், ஒரே பதவியேற்பு: கையில் உருமாற்றங்களின் கணிதம், வாயில் பள்ளிக்கூடம். இரண்டையும் இணைக்கும் பாலம் அவரிடம் இல்லை. இருபது ஆண்டுகள் ஓடின. அறிக்கை இத்தாலிய மொழிக்கும் பிரெஞ்சுக்கும் போய், 1893 வாக்கில் ஆங்கிலத்துக்கும் வந்தது. அதே 1893இல், அவருக்குத் தெரியாமலே, அந்தப் பாலத்தை ஒருவர் காகிதத்தில் கட்டி முடித்திருந்தார். சென்னையில்.

டி. சுந்தர ராவ், பி.ஏ. சென்னை மாகாணத்தில் அரசு உத்தியோகஸ்தர். அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் அவர் பெயரின் கடைசிப் பகுதியை ‘ரோ’ என்று படிக்கும்படிதான் அச்சிட்டார்கள். வெளிநாட்டார் வாயில் அவர் கடைசிவரை சுந்தர ரோதான். எட்டாம் எண் பெட்டியின் வண்ணச் சதுரங்கள் அவர் கையில் கிடைத்தபோது, பறவையும் படகும் செய்யும் பிள்ளை விளையாட்டாக அவர் அதைப் பார்க்கவில்லை. அளவுகோல், காம்பஸ் எதுவும் இல்லாமல், ஒரு பேனாக்கத்தியும் நீளம் குறிக்கச் சில காகிதத் துண்டுகளும் மட்டும் வைத்துக்கொண்டு, யூக்ளிடை எவ்வளவு தூரம் மடித்துக் காட்டலாம் என்று இறங்கினார்.

முதலில் ஒழுங்கில்லாத காகிதத்திலிருந்து சதுரம். சதுரத்திலிருந்து சமபக்க முக்கோணம். பிறகு ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று பதினைந்து பக்கம் வரை. பிதாகரஸ் தேற்றத்தையும் மடித்தார். தொடர்களின் கூட்டல், கூம்பு வெட்டுகள், வளைகோடுகள் வரை போனார். பள்ளியில் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துக் கோணலாக வரைந்த படத்தை வைத்துத் தேற்றத்தை உருப்போடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. கோணல் படம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு முன்னுரையில் ஒரு உதாரணமும் தந்தார்: எந்த முக்கோணமும் இருசமபக்க முக்கோணம்தான் என்று ‘நிரூபிக்கும்’ பழைய பொய்க்கணக்கு. கையால் வரைந்த படம் அந்தப் பொய்க்கு ஒத்துழைக்கும். மடித்துப் பார்த்தால் அந்தப் பொய் நிற்காது, ஏனென்றால் மடிப்பு போகிற இடத்துக்குத்தான் போகும்.

‘காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள்’ என்ற பொருள்தரும் அந்த ஆங்கில நூலைச் சென்னை அடிசன் கம்பெனி வெளியிட்டது. தலைநகரத்திலிருந்து மேற்கே, ஜோலார்பேட்டையைத் தாண்டி மைசூர் சமஸ்தானத்துக்குள், அதே ஆண்டுகளில் வேறொரு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்த கோலார் தங்கவயலில், படிகக்கல் ஓடும் பாதையைத் தேடி ஆழம் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்லில்தான் தங்கம் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் அங்கே வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். ஃப்ரோபெல் துடைத்து அடுக்கிய அதே இனத்துக் கல்லை அவர்கள் உடைத்தார்கள். சென்னையில் அச்சான புத்தகமும் அவர்களும் சந்திக்க நூற்றாண்டுக்கு மேல் ஆகப்போகிறது. அதற்கு முதலில் அந்தப் புத்தகம் பிழைக்க வேண்டுமே!

அது பிழைத்ததே அதிசயம். சென்னையில் அச்சான சிறு ஆங்கிலப் புத்தகம் ஒன்று ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அப்போது பேராசிரியராக இருந்தவர் ஃபெலிக்ஸ் கிளைன். 1895இல் பள்ளி ஆசிரியர்களுக்காக அவர் சில விரிவுரைகளைத் தயாரித்தார். வட்டத்தைச் சதுரமாக்குவது, கனசதுரத்தை இரட்டிப்பது, கோணத்தை மூன்றாகப் பிரிப்பது, இவையெல்லாம் அளவுகோலாலும் காம்பஸாலும் ஏன் முடியாது என்பது தலைப்பு. வேறு கருவிகளைப் பற்றிப் பேசும் இடத்தில், வீனர் என்ற ஜெர்மானியர் காகிதத்தை மடித்தே ஒழுங்கு திண்மங்களின் வலையை உருவாக்கியதைக் குறிப்பிட்டார். கூடவே, ஏறத்தாழ அதே சமயத்தில் சென்னையில் ஒருவர் இந்த யோசனையை இன்னும் விரிவாகச் செய்து புத்தகம் போட்டிருக்கிறார் என்று சுந்தர ராவின் பெயரையும் எழுதிவைத்தார். இரண்டு மூன்று வரிக் குறிப்புதான். உருமாற்றங்களின் தத்துவத்தைத் தந்தவர், அந்தத் தத்துவத்தை விரலால் தொடும் வழி கண்டவரைப் பெயர் சொல்லி அழைத்தது அந்த வரிகளில்தான். ஆனால் அந்த வரிகளை அட்லாண்டிக்குக்கு அப்பால் இருவர் கவனித்துவிட்டார்கள்.

மிச்சிகன் பேராசிரியர் வூஸ்டர் உட்ரஃப் பீமனும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த டேவிட் யூஜின் ஸ்மித்தும் கிளைனின் நூலை 1897இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள். மொழிபெயர்க்கும்போது சென்னைக்காரர் பெயர் கண்ணில் பட்டது. புத்தகத்தைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள். படித்ததும் இதை அமெரிக்க ஆசிரியர்கள் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. ஆசிரியரின் சம்மதத்தோடு 1901இல் சிகாகோவின் ஓப்பன் கோர்ட் நிறுவனம் புதிய பதிப்பை வெளியிட்டது. மூல நூலில் இருந்த கோட்டுப் படங்களுக்குப் பதிலாக, நிஜமாகவே மடித்த காகிதங்களைப் புகைப்படம் எடுத்துப் போட்டார்கள். இந்த ஸ்மித்தான், கணிதக் கல்விக்கு உலகளாவிய ஆணையம் வேண்டும் என்று 1905இல் முதலில் எழுதியவர். 1908இல் ரோம் மாநாட்டில் அந்த ஆணையம் பிறந்தபோது அதன் தலைவர் கிளைன்! சுந்தர ராவின் புத்தகத்தைக் கைமாற்றிய கிளைனும் ஸ்மித்தும் ஒரே மேசைக்கு வந்துவிட்டார்கள்.

புத்தகத்தில் ஒரு சறுக்கலும் இருந்தது. கனமூலத்தை மடிப்பால் எட்ட முடியாது என்ற நினைப்பில் சுந்தர ராவ் எழுதியிருந்தார். கோணத்தை மூன்றாக்கவும் தோராயமான வழியையே தந்தார். அளவுகோலும் காம்பஸும் தோற்ற இடத்தில் காகிதமும் தோற்கும் என்பது இயல்பான எண்ணம்தான். 1936இல் இத்தாலியின் மர்கெரீட்டா பெலோக் என்ற பெண் கணித அறிஞர் அது தவறென்று காட்டினார். இரண்டு புள்ளிகளை ஒரே நேரத்தில் இரண்டு கோடுகளின்மேல் கொண்டுவைக்கும் ஒற்றை மடிப்பு முப்படிச் சமன்பாட்டையே தீர்த்துவிடுகிறது. தான் நினைத்ததைவிடத் தன் காகிதம் பலமானது என்று சுந்தர ராவ் அறியாமலே போனார். அந்தப் பலம் எங்கிருந்து வந்தது?

மடிப்பு என்பது கண்ணாடி. காகிதத்தை மடித்ததும் ஒரு பாதி இன்னொரு பாதியின்மேல் படிகிறது. மடிப்புக் கோட்டில் ஒரு கண்ணாடியை நிறுத்தினால் தெரியும் பிம்பம் எங்கே விழுமோ, சரியாக அங்கேதான் அந்தப் பாதி போய் விழுகிறது. பாடப்புத்தகம் இதை எதிரொளிப்பு என்கிறது. ஒரு மடிப்போடு நிற்காமல், முதல் மடிப்புக்கு இணையாக இரண்டாவது மடிப்பு போட்டால், புரண்டது மறுபடி புரள்கிறது. ஆனால் பழைய இடத்துக்கு வருவதில்லை. மடிப்புகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளிப்போய் நிற்கிறது. அதுதான் இடப்பெயர்வு. விசிறிபோல் மடித்து ஒரு பொம்மையை வெட்டி விரித்தால் கைகோத்துக்கொண்டு ஒரு வரிசையே நிற்குமே, அதன் சூட்சுமம் இதுதான்: ஒன்றுவிட்டு ஒரு பொம்மை ஒரே திசை பார்க்கும். இரண்டு மடிப்புகள் இணையாக இல்லாமல் ஒரு புள்ளியில் வெட்டிக்கொண்டால், உருவம் அந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழன்றிருக்கும், மடிப்புகளுக்கு இடையிலான கோணத்தைப் போல் இரண்டு மடங்கு. தளத்தில் வடிவம் சிதையாமல் ஓர் உருவத்தை எங்கே எப்படிக் கொண்டுபோய் வைத்தாலும், அதை அதிகபட்சம் மூன்றே எதிரொளிப்புகளால் செய்துவிடலாம். கிளைன் இருபத்து மூன்று வயதில் எழுதிய, வடிவம் சிதைக்காத அந்த மாற்றங்களின் குடும்பத்துக்கு மூலவித்து ஒரு மடிப்பு.

இதைப் பள்ளிக்குக் கொண்டுவர உலகம் அவசரப்பட்டபோது காகிதம் காணாமல் போனது. 1959இல் பிரான்சின் ருவாயோமோனில் கூடிய மாநாட்டில் ழான் டியூடோனே, யூக்ளிடைப் பள்ளியை விட்டே அனுப்ப வேண்டும் என்று முழங்கினார். புதிய கணிதம் என்ற பெயரில் கணங்களும் குலங்களும் அணிகளும் பாடப்புத்தகங்களில் ஏறின. இங்கிலாந்தில் 1961இல் தொடங்கிய பள்ளிக் கணிதத் திட்டம் உருமாற்ற வடிவியலை நேரடியாக வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லது. ஆனால் பல இடங்களில் பிள்ளைகள் சுழற்சியைக் கையால் செய்து பார்ப்பதற்கு முன்பே அதற்கான எண்கட்டத்தை மனப்பாடம் செய்தார்கள். பெற்றோருக்கும் புரியவில்லை, பல ஆசிரியர்களுக்கும் புரியவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த அலை வடிந்தது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஃப்ரோபெல் நான்கு வயதுக்குக் கொடுத்ததைப் பதினான்கு வயதுக்குச் சூத்திரமாகக் கொடுத்தார்கள். 1966இல் நியூயார்க்கின் டோவர் பதிப்பகம் சுந்தர ராவின் பழைய புத்தகத்தை மலிவு விலையில் மறுபடி அச்சிடாமல் இருந்திருந்தால், மடிப்பு அத்தோடு நூலகத் தூசியில் புதைந்திருக்கும்.

சென்னையில் அதற்குள் வேறு வாசல் திறந்திருந்தது. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன், கணிதமேதை ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தொகுத்தவர். அவருக்குக் கணிதம் கரும்பலகையில் இல்லை. நாள்காட்டியில் இருந்தது, காகிதத்தில் இருந்தது, வாசல் கோலத்தில் இருந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970களில் கோலங்களுக்கு இலக்கணம் எழுதிக் கணினியியல் இதழ்களில் வெளியிட்டார்கள். 1993இல், சுந்தர ராவின் புத்தகம் வந்து சரியாக நூறாவது ஆண்டில், ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் திறந்தன. அங்கே வந்த பிள்ளைகள் கையில் கொடுக்கச் சீனிவாசனிடம் எப்போதும் காகிதம் இருந்தது. பாடப்புத்தகங்களும் மெல்ல வழிக்கு வந்தன. தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆறாம், ஏழாம் வகுப்புக் கணித நூல்களில் சமச்சீருக்குத் தனி அத்தியாயம் வந்தது. தமிழ்நாட்டு ஏழாம் வகுப்பு நூலில் இடப்பெயர்வும் எதிரொளிப்பும் சுழற்சியும் பெயர் சொல்லியே வந்தன. எல்லாவற்றிலும் பிள்ளைகள் எதையாவது மடிக்க வேண்டியிருந்தது, வெட்ட வேண்டியிருந்தது. எதை மடிப்பது? அதற்கான விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை, தெருமுனைக் கடையில் இருந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன குழிகளில் தண்ணீர் ஏறியது. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த மண்ணில், அரைத்த கல்லின் மிச்சமான சயனைடு மேடுகள் நின்றன. வேலை போனவர்கள் விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பினார்கள். பிள்ளைகள் லைன் வீடுகளிலேயே வளர்ந்தார்கள். ஒரே சுவர், ஒரே கதவு, ஒரே கூரை, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒரு வீட்டைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால் கிடைக்கும் தெரு அது. இடப்பெயர்வு என்ற சொல்லைக் கேட்கும் முன்பே தங்கவயல் பிள்ளைகள் அதற்குள்தான் குடியிருந்தார்கள். வாசலில் அம்மாக்கள் போட்ட புள்ளிக்கோலம், கால் வட்டம் திருப்பினாலும் அப்படியே இருந்தது.

ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் நோட்டுப் புத்தகம் விற்கும் கடைகளில், கிராஃப்ட் வகுப்புக்கு என்று கேட்டால் ஒரு பொட்டலத்தை எடுத்துப் போடுவார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், ரோஜா நிறம். கிளேஸ் பேப்பர். பண்டிகைத் தோரணத்துக்கும் பிராஜெக்ட் நோட்டின் ஓரத்துக்கும் ஒட்டி, மிச்சத்தைக் கசக்கித் தூக்கி எறிகிற காகிதம். ஒரு பக்கம் வழவழவென்று நிறம், மறுபக்கம் வெள்ளை. 1893இல் சுந்தர ராவ் தம் முன்னுரையில் வருணித்த எட்டாம் கொடையின் காகிதம் இதேதான். பெட்டியும் மடிப்புத் தகடும் போய்விட்டன, எண்ணும் மறந்துவிட்டது. காகிதம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் நிறமாக இருப்பதில்தான் இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருந்தால் எதிரொளிப்புக்கும் சுழற்சிக்கும் உள்ள பேதத்தைப் பிள்ளைக்கு வாயால் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். இந்தக் காகிதம் அதைத் தானே சொல்லிவிடுகிறது. ஒரு மடிப்பு: வெள்ளை. இரண்டு மடிப்பு: மறுபடி நிறம். மூன்று: வெள்ளை. ஒற்றைப்படை எதிரொளிப்பு உருவத்தைப் புரட்டிவிடும், இரட்டைப்படை புரட்டாது என்ற கணிதம் முழுவதும் அந்த நிறத்தில் வந்துவிடுகிறது.

சிவப்புக் காகிதத்தில் ‘ப’ வெட்டுகிற பிள்ளைக்குச் சிக்கல் இல்லை. அதை நடுவில் மடித்தால் பாதிமேல் பாதி பொருந்திவிடும். புரட்டிப் போட்டாலும் ‘ப’தான். ‘ட’ அப்படி விடாது. பெஞ்சின்மேல் வைத்து எந்த மூலைக்குத் தள்ளினாலும் சிவப்பு ‘ட’. எந்தப் பக்கம் சுற்றினாலும், படுத்தாலும் தலைகீழாக நின்றாலும், சிவப்பு ‘ட’. கண்ணாடியில் தெரியும் ‘ட’ மட்டும் கிடைக்காது. பிள்ளை சுற்றிச் சுற்றிப் பார்க்கும். பக்கத்துப் பிள்ளை பிடுங்கிச் சுற்றிப் பார்க்கும். கடைசியில் யாரோ ஒருத்தி எழுத்தைக் கையில் எடுத்துக் கவிழ்த்து வைப்பாள். திசை மாறிய ‘ட’ வந்துவிடும், வெள்ளையாக.

“மிஸ், இது பின்பக்கம் மிஸ்!”